‘ஏதோ போகுது’ என்று சொன்னவரின் மாடுகள்

இந்த மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவர்கள், இளையவர்களுக்கு ஊக்கம் கொடுக்கிற மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். நல்ல வார்த்தை சொல்லும் மனநிலையில் நான் இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற மனிதன் இன்னும் ஏன் கொதித்துக்கொண்டு திரிகிறான் என்று என் மனைவியும் கேட்கிறாள். காரணத்தை எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீங்களும் கொஞ்சம் கொதித்தால் எனக்கு அது போதும்.

உங்களில் சிலர் இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பிலும் கோல்டிங்கிலும் பிறந்து, டெனிஷில் படித்து, இப்போது விவசாய ஆலோசனை நிலையங்களிலும் வங்கிகளின் விவசாயப் பிரிவிலும் சேர்ந்திருக்கிறீர்கள். தமிழ் வாசிக்கச் சிரமம் என்றால் அம்மாவையோ அப்பாவையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய கதைதான். இதில் வருகிற சொல்லை அவர்கள் தினமும் சொல்கிறார்கள்.

நான் என் வேலைக்காலம் முழுக்க இறைச்சி மாடு வளர்ப்பவர்களுக்கு ஆலோசகனாக இருந்தேன். எந்த மாட்டை வைத்திருப்பது, எதை விற்பது, எப்போது விற்பது, தீனிக்கு எவ்வளவு போடலாம் என்று சொல்லுகிற வேலை. மாட்டிறைச்சி சாப்பிடாத சைவக்காரனுக்கு இது ஏன் என்று கேட்காத தமிழர் இந்த நாட்டில் இல்லை. பல் வைத்தியர் பல்லையா தின்கிறார் என்று திருப்பிக் கேட்டுவிட்டு என் பாட்டில் போவேன்.

தொழிலின் பொருளாதாரத்தை உங்களுக்குப் புத்தகம் சொல்லித் தந்திருக்கும். நான் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். பால் மாடு வைத்திருப்பவருக்கு வருமானம் நாளாந்தம் வரும். இறைச்சி மாடு வைத்திருப்பவருக்கு ஆண்டில் ஓரிரு நாட்களில்தான் வரும். அந்த நாளை எப்போது வைப்பது என்பதில்தான் அவருடைய பிழைப்பே இருக்கிறது. கோடையில் புல் மலிவு. இலையுதிர் காலம் வந்தால் புல்வெளி சேறாகிவிடும், மாடுகளைக் கொட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். அன்றிலிருந்து வைக்கோலுக்கும் தீனிக்கும் செலவு. கொட்டிலில் இடம் போதாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடுவார்கள். அப்போது வாங்குகிறவர்தான் ராசா. வளராத மாட்டை வைத்திருந்தால் தீனி நட்டம். சதை வைக்கத் தொடங்கிய மாட்டை அந்த நேரத்தில் விற்றால், ஒரு கோடை முழுக்க நீங்கள் பட்ட பாட்டின் பலனை வேறொருவர் தன் கொட்டிலில் கட்டி எடுத்துக்கொள்வார். ஆகவே மாட்டின் நிறை தெரியாமல் யாரும் எதுவும் தீர்மானிக்க முடியாது.

மரியதாசுக்கு அந்த நிறை தெரிந்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

மரியதாஸ் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட, கையில் கிடைத்ததைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சிறிய பண்ணையை வாங்கினார். பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்த புல்வெளிகளைக் குத்தகைக்கு எடுத்தார். மனைவி ஜெயராணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டு அடுப்பு அவருடைய சம்பளத்தில் எரிந்தது. முதல் சில ஆண்டுகள் பசுக்களைப் பெருக்குவதிலேயே போயின. ஆண் கன்றுகளைக் காயடித்து, பெரிய நாம்பன்களாக வளர்த்து விற்பது திட்டம். அப்படி வளர்ந்த முதல் கூட்டம் அந்த ஆண்டுதான் புல்வெளியில் நின்றது. அதுவரை விற்றுக் காட்டியது எதுவும் இல்லை. குளிர்காலத் தீனிக்கு வங்கி ஆண்டுதோறும் ஒரு நடப்புக் கடன் கொடுத்து வந்தது. அந்தக் கடனை நீட்டுவதா இல்லையா என்று வங்கி பார்ப்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். குழுவில் அவர் வாய்விட்டுச் சொன்ன நிறை.

குழு என்று சொன்னது உங்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். ஒரு வட்டாரத்து மாட்டுக்காரர்கள் யாராவது ஒருவர் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கோப்பியும் பாணும் சாப்பிட்டுக்கொண்டு, தங்கள் தங்கள் மாட்டின் நிறை, தீனி, இழப்பு எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு முன்னால் திறந்து வைப்பார்கள். மாட்டை உள்ளே விட்டு நிறுக்கிற நிறுவைக் கூடு ஒன்றைப் பொதுவில் வாங்கி ட்ரெய்லரில் வைத்து மாறி மாறிக் கொண்டுபோவார்கள். அவரவர் வீட்டில் நிறுத்து, மேசையில் சொல்லுவார்கள். சொன்னதை ஆலோசகர் குறித்து, கடன் கொடுக்கிற வங்கிக்கும் அனுப்புவார். யாரும் யாரையும் சரி பார்ப்பதில்லை. இந்த நாட்டில் ஒரு மனிதன் சொன்னால் நம்புவார்கள். அது பெரிய விடயம், நான் மதிக்கிற விடயம். ஆனால் தன்னைக் குறைத்துச் சொல்லுகிற பழக்கம் உள்ளவனுக்கு அதைப் போல் ஆபத்தானது வேறில்லை.

அந்த மேசையில் இருந்த டெனிஷ்காரர்களும் குறைத்துத்தான் சொல்லுவார்கள். இந்த யூலண்ட் பக்கத்து விவசாயியிடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், ஆண்டின் மிகச் சிறந்த கன்றுகளை வைத்துக்கொண்டு, ‘அவ்வளவு மோசமில்லை’ என்பார். கேட்கிற எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும். வங்கிக்காரருக்கும் தெரியும். அவருடைய மாமனோ சித்தப்பாவோ அப்படித்தானே பேசியிருப்பார். மரியதாசிடம் கேட்டால் அவர் சொல்லுவது, ‘டே கோர்.’ போகுது என்று அர்த்தம். எங்கள் ‘ஏதோ போகுது’ என்பதை அப்படியே டெனிஷில் போட்டிருக்கிறார். அதைக் கேட்ட வங்கிக்காரர், வாடிக்கையாளரே தொழில் தட்டுத்தடுமாறித்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டார் என எழுதி வைத்தார். இரண்டு பேரும் அடக்கமாகப் பேசினார்கள். ஒருவருடையது அடக்கம் என்று எடுக்கப்பட்டது, மற்றவருடையது வங்குரோத்து என்று எடுக்கப்பட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தக் குழுவைப் பார்த்துவந்த சக ஆலோசகர் பிள்ளை பிறந்து விடுமுறையில் இருந்தார். அவரைத் தேடி வந்த தொலைபேசி என் மேசைக்கு வந்தது. என் பெயரைக் கேட்டதும் மறுபக்கத்துப் பெண்குரல் டெனிஷை விட்டுவிட்டது.

“நீங்கள் தமிழோ அண்ணை?”

“ஓம், சொல்லுங்கோ.”

“வியாழக்கிழமை லொறி வருது. நாம்பன் எல்லாத்தையும் ஏத்திவிடச் சொல்லி பாங்கிலை சொல்லிப்போட்டினம். இவரும் தலையாட்டிப்போட்டு வந்து நிக்கிறார். எனக்கெண்டால் மனம் கேக்குதில்லை. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?”

ஜெயராணி அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கோபம் வந்த மனிசியின் குரல் அது, என்னுடைய குரல் மாதிரியே இருந்தது. வருகிறேன் என்றேன்.

போவதற்கு முன் கணினியில் கணக்கைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. குழுவில் சொன்ன நிறையை வைத்துப் பார்த்தால் வங்கி சொன்னதில் பிழை இல்லை. கோடை முழுக்க மேய்ந்தும் நிறை ஏறாத மாடுகள், கொட்டிலில் கட்டினால் தீனியைத் தின்று நட்டத்தைத்தான் தரும். இப்போதே விற்றுக் கடனைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மெலிந்த மாட்டு விலைக்கு இவை போனால் அந்த ஆண்டின் ஓட்டையை அடைக்க அடுத்ததாகப் பசுக்கள் போகும். பசுக்கள் போனால் மேய்க்க மாடில்லாத புல்வெளிக் குத்தகை போகும், மேய்ச்சலுக்குக் கிடைக்கிற மானியமும் போகும். பிறகு பண்ணை எதற்கு? வியாழக்கிழமை லொறியில் ஏறப்போவது அந்தக் குடும்பத்தின் முழுப் பிழைப்பும்தான்.

நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மரியதாஸ் படலையைத் திறந்து குரல் கொடுக்க, நாம்பன்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களைச் சுற்றி நின்றன. மனிதரோடு பழகின மாடுகள். நான் ஒன்றின் முதுகைப் பார்த்தேன், மேசை மாதிரி அகன்றிருந்தது. வால் அடியில் கையை வைத்தேன், விரல் புதைந்தது. இன்னொன்றுக்கும் அப்படித்தான். கணினியில் நான் பார்த்த மெலிந்த மாடுகள் அந்தப் புல்வெளியில் எங்குமே இல்லை.

“தம்பி, உதுகள் என்ன நிறை?”

“ஏதோ இருக்கும் அண்ணை.”

“நிறுத்தனீங்களோ இல்லையோ?”

“நிறுத்தனான்.”

“நிறுத்ததைத்தானோ குழுவிலை சொன்னனீங்கள்?”

அவர் ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு அளவாச் சொன்னனான்.”

“அளவா எண்டால்?”

“ஏதோ... கொஞ்சம் குறைச்சு.”

அந்த இடத்திலேயே எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் ஜெயராணி விடயத்தை உடைத்தார்.

“முதல் வருசம் இவர் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அண்ணை. எங்களிட்டை ஒரு காளை நிண்டது, நல்ல வடிவான காளை. அதின்ரை நிறையைச் சொல்ல மேசையிலை இருந்த எல்லாரும் வாயைப் பிளந்தவையாம். ஒராள் வந்து பாத்து, முதுகிலை தட்டிப்போட்டுப் போனவர். அந்தக் கிழமையே அது வாய்க்காலுக்கை விழுந்து செத்துப்போச்சு. அண்டையிலையிருந்து இவர் குறைச்சுத்தான் சொல்லுறவர். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

மரியதாஸ் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்கடை பக்கத்திலை பட்டி மாட்டை விரல் நீட்டி எண்ணவே விடாயினம். நான் என்னெண்டால் அத்தினை பேருக்கு முன்னாலை காதுத்தோட்டு நம்பரும் சொல்லி, நிறையும் சொல்லி... கண் படாமல் என்ன செய்யும்?”

“கண் பட்டு ஒரு மாடு போச்சு. நீங்கள் சொன்ன பொய்யாலை முழுப் பட்டியும் போகப்போகுது,” என்றேன்.

அவர் முதன்முறையாக நிமிர்ந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. “பொய் எண்டு சொல்லாதையுங்கோ அண்ணை. நான் கூட்டிச் சொல்லேல்லை. குறைச்சல்லோ சொன்னனான்.”

அந்த மனிதர் மனமாரத்தான் சொன்னார். கூட்டிச் சொன்னால்தான் அவருக்குப் பொய், குறைத்துச் சொல்வது மரியாதை. என் அப்பா அம்மாவும் அப்படித்தான். உங்களுடையவர்களும் அப்படித்தான். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்டால் முதலாம் பிள்ளையாக வருகிறவனைப் பற்றியும் ‘ஏதோ படிக்கிறான்’ என்றுதானே சொன்னார்கள். அந்தச் சொல்லை இந்த நாட்டுக் கணக்கில் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குழுவை நடத்திய எங்கள் நிலையத்திலிருந்து ஒருவரும், இவ்வளவு புல் தின்ற மாடு இந்த நிறையில் எப்படி நிற்கும் என்று காரை விட்டிறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. சொன்னார், எழுதினோம், சிவப்புக் காட்டியது, அனுப்பினோம். இதற்குப் பெயர் ஆலோசனையா?

அங்கிருந்தே வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். பண்ணைக் கடன்களைப் பார்க்கிறவர் ஒரு இளைஞர், மரியாதையான பிள்ளை. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், “கஷ்டம் வந்த பிறகு நிறை கூடியிருக்கிறது. என்னுடைய இடத்தில் நீங்கள் இருந்தால் நம்புவீர்களா?”

நம்பமாட்டேன். அதுதான் கொடுமை. குறைத்துச் சொன்னபோது உடனே நம்பியவர்கள், உண்மையைச் சொல்லப் போனபோது கையை விரித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கும் வாய்ச் சண்டை போடத்தான் தோன்றும். போடாதீர்கள். வாயால் வந்த வினை வாயால் தீராது. நான் ஒன்றுதான் கேட்டேன்.

“நீங்கள் அந்த மாடுகளைப் பார்த்தீர்களா?”

“எனக்கு மாடு பார்க்கத் தெரியாது.”

“தராசு பார்க்கத் தெரியுமா?”

புதன்கிழமை வருகிறேன் என்றார். லொறிக்கு முதல் நாள்.

வங்கிக்காரர் ஒத்துக்கொண்டார், மரியதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்களைக் கூட்டி வைத்து, மாட்டை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி, நிறையைக் கூவிச் சொல்வதா? அதைவிட லொறியில் ஏற்றிவிடலாம் என்றார். ஜெயராணிதான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“ஏத்திவிட்டால் மட்டும் மாடு எங்களிட்டை நிக்குமோ?”

அவர் ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்தார். ஜெயராணி விடவில்லை.

“கண் பட்டுப் போறதும் போறதுதான், லொறியிலை போறதும் போறதுதான். நிறுத்துப்போட்டுப் போகட்டும்.”

கடைசியில் மரியதாஸ் ஒரு நிபந்தனை போட்டார். நிறையை யாரும் வாயால் சொல்லக் கூடாது. தராசில் தெரிகிறதை வங்கிக்காரர் பார்த்து, தானே எழுதிக்கொள்ளட்டும். நான் அதை டெனிஷில் சொன்னபோது அந்தப் பிள்ளை காரணம் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

புதன்கிழமை காலை பக்கத்துப் பண்ணைக்காரர் நிறுவைக் கூட்டை ட்ராக்டரில் இழுத்துக்கொண்டு வந்தார். குழுவில் மரியதாசோடு ஒரே மேசையில் இருக்கிற மனிதர், வயதான யூலண்ட்காரர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அவர் கதவைத் திறந்து மூடினார். ஜெயராணி மாடுகளைத் தட்டி அனுப்பினார். வங்கிப் பிள்ளை இரவல் வாங்கின ரப்பர் சப்பாத்தோடு தராசுக்கு முன்னால் நின்று எழுதினார். மரியதாஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலிப்பக்கம் நின்றார். மாட்டின் மூச்சும் இரும்புக் கதவும்தான் கேட்டன. போகப் போக அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை தராசு பழுதோ என்று நினைத்தவர், மெதுவாகத் தானே ஏறி நின்று தன் நிறையைப் பார்த்துவிட்டு இறங்கினார். தராசில் பிழை இல்லை.

கடைசி நாம்பன் வெளியே போனதும் அவர் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் திரும்பினார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

அந்த மனிதர் மாடுகளைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். “அவ்வளவு மோசமில்லை.”

அவ்வளவுதான். வங்கிப் பிள்ளை தலையாட்டினார். முகமெல்லாம் நிம்மதி. இவ்வளவு நேரம் தன் கையாலேயே எழுதினதை அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அவர் முழுதாக நம்பினார். அதை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு மரியதாசிடம் போனார். நல்லபடியாகத்தான் பேசினார். லொறி தேவையில்லை, கடனை நீட்டும்படி தான் எழுதுவதாகச் சொன்னார். “ஆனால் ஒன்று. போன முறை நீங்களே ‘டே கோர்’ என்று சொன்னதை நான் எழுதியிருக்கிறேன். இப்போது வேறு விதமாக எழுத வேண்டும். தொழில் எப்படிப் போகிறது என்று நீங்களே எனக்குச் சொல்ல வேண்டும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரைக் காட்டி, “இவரிடம் எப்போதாவது அப்படிக் கேட்டிருக்கிறீர்களா?” என்றேன். “இவர் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது நன்றாகப் போகிறது என்று உங்களிடம் சொன்னாரா? சொல்லும்படி யாராவது நிற்க வைத்தார்களா? இவருடைய மோசமில்லை போதும், அவருடைய போகுது மட்டும் போதாதா?”

வங்கிப் பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் சொல்ல இருந்தேன், நிறையச் சொல்ல இருந்தேன். மரியதாஸ் என் கையைப் பிடித்தார்.

“விடுங்கோ அண்ணை. சொல்லுறன்.”

நாம்பன்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. அவர் அவற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு வங்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து டெனிஷில் சொன்னார். “நல்லாப் போகுது. நல்ல மாடுகள்.”

சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஜெயராணி விறுவிறென்று வீட்டுக்குள் போனார். ஒரு பழைய சட்டியில் தணலும், கை நிறையச் செத்தல் மிளகாயும் உப்புமாக வந்தார். மிளகாயையும் உப்பையும் மாடுகள் நின்ற பக்கம் நீட்டிச் சுற்றித் தணலில் போட்டார். வங்கிப் பிள்ளை இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

“ஈ கலைக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை,” என்றார் ஜெயராணி. நான் அப்படியே சொன்னேன். மழை தூறுகிற குளிரில் ஒரு ஈயும் இல்லை.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். யூலண்ட்காரர் மோசமில்லை என்றால் அதன் பொருள் அலுவலகத்தில் எல்லாருக்கும் விளங்கும், அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. ஒரு தமிழர் ‘டே கோர்’ என்று சொன்னால் அதன் பொருள் அந்த அறையில் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டும், அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று நீங்கள் இருந்தால், அந்த அநியாயத்துக்கு நீங்களும் கூட்டு. எழுதுவதற்கு முன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தமிழருக்கு மட்டும் என்று இல்லை. தன்னைக் குறைத்துச் சொல்லுகிற மனிதர்கள் எல்லா ஊரிலிருந்தும் இங்கே வந்திருக்கிறார்கள். கூட்டிச் சொல்லுகிறவனைப் பிடிப்பதற்கு உங்களுக்கு ஆயிரம் வழி சொல்லித் தந்திருப்பார்கள். குறைத்துச் சொல்லுகிறவனைக் காப்பாற்ற ஒரு வழியும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

நாம்பன்கள் கொட்டிலில் நின்று சதை வைத்தன. கடன் நீண்டது, குத்தகை நின்றது. மரியதாஸ் மட்டும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் ஜெயராணிதான் பேசுவார். “என்னோடை கோபமோ?” என்று கேட்டேன். “கோபமில்லை அண்ணை. கொட்டிலே கதியெண்டு கிடக்கிறார். ஒரு மாடு இருமினாலும் ஓடுறார்,” என்றார். மாட்டுக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

குளிர் விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியபோது எல்லா நாம்பன்களும் ஒன்றாகப் போயின. நல்ல விலை. நான் ஓய்வு பெற்ற கிழமை அது. அன்று மத்தியானம் மரியதாஸ் தானாகவே எடுத்தார்.

“எப்பிடித் தம்பி போச்சுது?” என்று கேட்டேன். ‘ஏதோ போச்சுது’ என்று வரும் என எதிர்பார்த்து, பதிலுக்கு ஏசுவதற்கும் தயாராக இருந்தேன்.

“ஒண்டும் நடக்கேல்லை அண்ணை,” என்றார்.

“என்ன நடக்கேல்லை?”

“நான் அப்பிடிச் சொன்னாப் பிறகும். ஒண்டும் சாகேல்லை. எல்லாம் உயிரோடை ஏறினது.”

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த மனிதர் என்ன பயத்தோடு கொட்டிலில் கிடந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘அவ்வளவு மோசமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.